மூன்றாம் சங்கு

வெடிக்கு முன் மூன்று முறை
சங்கு ஊத வேண்டும் என்பது சட்டம்.
முதல் சங்குக்கு ஆடுகள் திரும்பும்,
இரண்டாவதுக்குக் கொடித் துணியை உருவிக்கொண்டு ஓடுவார்கள்,
மூன்றாவதுக்கு ஊரே வீட்டுக்குள்.
கல் பறக்கும்.
தகரத்தில் விழுந்தால் தகரம், தலையில் விழுந்தால் தலை.
பதினெட்டு வருடம்
இப்படித்தான் பழக்கினேன் இந்தக் கரட்டோர ஊரை:
சத்தம் கேட்டால் உள்ளே ஓடு.

பென்னாகரத்துக்குக் கிழக்கே
எந்தச் சுவரில் கீறல் விழுந்தாலும்
அது தீர்த்தகிரி போட்ட கீறல்.
சின்னபாப்பா கணக்கே வைத்திருந்தாள்.
ஒவ்வொரு கீறலின் குறுக்கேயும் கண்ணாடித் துண்டு,
இரு முனையிலும் சிமெண்ட், மேலே தேதி.
கண்ணாடி உடைந்தால் எடுத்துக்கொண்டு
திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு பஸ் ஏறுவாள்.
அவள் நோட்டில் பத்தொன்பது கண்ணாடி,
எதிரே என் பெயர்.

ஓட்டுப் போட்ட நாள் குவாரிக்கு லீவு.
மருந்து அறைக்குப் பூட்டு, பூட்டுக்கு அரக்கு,
சாவி போலீஸ் ஸ்டேஷனில்.
பள்ளிக்கூட வாசலில் வரிசையில் நின்றேன்.
பதினொன்று நாற்பது.
கால் வழியாக வந்தது முதலில்.
லாரி என்று நினைத்தேன்.
லாரிக்குத் திசை உண்டு,
இதற்கு இல்லை.
பிறகு ஓசை,
போர்வெல்லுக்குள் யாரோ மேசையை இழுப்பது போல.
எல்லாரும் மலையைப் பார்த்தார்கள்.
மலையில் தூசி இல்லை.
அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.
என் கையில் பூத் சிலிப் இருந்தது.

சொல்ல வெட்கம்:
அந்த நொடி எனக்குச் சந்தோஷம்.
நானில்லை. பாருங்கள், நானில்லை.

அதற்குள் வரிசை ஓடியது.
உள்ளே.
நான் பழக்கியபடியே
கீறல் விழுந்த கூரைக்கு அடியில்
நூற்றுச் சொச்சம் பேர்,
கைக்குழந்தைகள், ஒரு சக்கர நாற்காலி,
ஓட்டு இயந்திரத்தைக் கட்டிப்பிடித்தபடி ஓர் அதிகாரி.
ஆறு நொடி.
கொஞ்சம் காரை உதிர்ந்தது. அவ்வளவுதான்
என்று எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் சேலத்திலிருந்து ரெஹானா வந்தாள், நிலவியல் படித்தவள்.
படத்தை என் பைக் சீட்டில் விரித்து
ஒகேனக்கல் பக்கம் காவிரி தெற்கே ஒடிவதைக் காட்டினாள்.
"ஆறு சும்மா திரும்பாது அண்ணே.
பாறை விட்ட வழியில்தான் திரும்பும்."
பிளவின் கிளை ஒன்று
எங்கள் ஏரிக்கரையைப் புள்ளிக்கோடாகக் கடந்தது.
ஏன் புள்ளி?
"நிச்சயமில்லாததுக்குப் புள்ளி."
மறுபடி ஆடுமா?
பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டாள்.
"நாளைக்கா, நானூறு வருஷம் கழிச்சா,
இதுக்குச் சங்கு கிடையாது."

எங்கே துளை போட்டால் எப்படிப் பிளக்கும் என்று
பாறையைத் தட்டியே சொல்வேன்.
அந்தக் கண்ணோடு அதுவரை
ஊருக்குள் நடந்ததில்லை.
நடந்தேன்.
எந்தச் சுவர் முதலில், எந்தச் சுவர் அதன்மேல்.
ஹாலோபிளாக். கம்பியில்லாத மூலை.
மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க்,
தளும்பத் தளும்ப.
பின்னாலேயே வந்த சின்னபாப்பா
இருபதாவது கண்ணாடியை நீட்டினாள்.
நோட்டில் தேதி இருந்தது.
பெயருக்கு இடம் விட்டிருந்தாள்.

வியாழக்கிழமை
குழியில் மருந்து வைக்காமல் ஊதினேன்.
வீடு வீடாகச் சொல்லியிருந்தோம்: இன்றைக்கு வெளியே.
மூன்றாம் சங்குக்கு
ஊர் உள்ளே ஓடியது.
மைதானத்தில் சின்னபாப்பா மட்டும்
கையை ஆட்டிக்கொண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு.
ஒவ்வொருத்தராக வந்தார்கள், சிரித்துக்கொண்டு, கோபித்துக்கொண்டு.
கடைசியாக மூன்றாம் வகுப்பு.
கதவு உள்பக்கமாகத் திறக்கிறதாம்.
முப்பது பிள்ளைகளும் சேர்ந்து
வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கிறார்கள்.

முதலாளி அரைநாள் கூலி பிடித்துவிட்டார்.
இன்று காலையிலிருந்து
அந்தக் கதவின் கீலோடு மல்லுக்கட்டுகிறேன்.
மூன்று திருகு வந்துவிட்டது.
நாலாவது துருப்பிடித்து
அசையமாட்டேன் என்கிறது.